என் பெயர் போட்ட பொட்டலம்

எடை கூட்டிக் காட்டுவதற்காகத் தண்ணீர் குடித்தேன். கிளினிக் படிக்கட்டில் நின்றுகொண்டு, ஒன்றரை லிட்டரை மூச்சுவிடாமல் குடித்தேன். நான் இருந்தது எழுபத்து மூன்று கிலோ இருநூறு கிராம். என் உயரத்துக்கு எழுபத்து நான்கு கிலோவாவது இருந்தால்தான் பசியடக்கும் மாத்திரை எழுதித் தருவார்கள். என் உடம்பைப் பற்றி ஊரார் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஐம்பத்தாறு வயதுக்குள் காது புளித்துப்போனவள் நான். இன்னும் எண்ணூறு கிராம் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

மாத்திரை எனக்கு இல்லை. என் மகள் போராவுக்கு.

என் பெயர் யாங் மால்சுன். கொரியாவில், சியோலுக்குப் பக்கத்து இஞ்சொன் நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் உணவுக்கூடத்தில் பதினேழு வருடமாகச் சமைக்கிறேன். தினமும் எழுநூற்று நாற்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எந்தப் பிள்ளை கீரையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கும், எந்தப் பிள்ளை கறிக்கு மட்டும் இரண்டாம் தரம் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டில் இருந்த ஒரே ஒரு பிள்ளை விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

போரா குண்டு கிடையாது. இருபத்தெட்டு வயது, ஐம்பத்தெட்டு கிலோ. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் வேலை. நன்றாகச் சாப்பிடுவாள், சாப்பிடும்போதே பேசுவாள், பேசும்போதே சிரிப்பாள். அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தம் என்று இருந்தது அவள் சிரிப்பு ஒன்றுதான்.

வசந்தத்தில் இரண்டு குடும்பமும் ஓர் உணவகத்தில் முறைப்படி சந்தித்தோம். மாப்பிள்ளை தேசோக் நல்ல பையன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. அவன் அம்மா அப்படி இல்லை. ஒவ்வொரு பண்டமாக வந்துகொண்டே இருந்தது. மீதி வைப்பது எனக்குப் பழக்கமில்லை, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“சம்பந்தியம்மா எவ்வளவு ரசிச்சுச் சாப்பிடுறாங்க! பாத்துப் பாத்தே எனக்கு வயிறு நெறைஞ்சுபோச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு போராவைப் பார்த்து, “நீ இப்ப சரியாத்தாம்மா இருக்கே. ஒரு கொழந்தை பொறக்கட்டும், அப்பதானே தெரியும், உனக்கு அம்மா வாகா அப்பா வாகான்னு!”

அதற்கும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவள், நானும் சிரித்தேன். போரா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

கல்யாணம் அக்டோபர் கடைசியில். அதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்டுடியோவில் கல்யாண உடையோடு படம் எடுத்து, மண்டப வாசலில் பெரிதாக வைப்பார்கள். போரா முதலில் தானே அந்த கிளினிக்குக்குப் போனாள். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோனதிலிருந்து அங்கே கெடுபிடியாம். ஐம்பத்தெட்டு கிலோவுக்கெல்லாம் கிடையாது என்று எடை மெஷினிலிருந்தே இறக்கி அனுப்பிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தாள்.

“அம்மா, நீ போனா உனக்குக் குடுப்பாங்க.”

“எனக்கு எதுக்குடி அந்தக் கண்றாவி?”

“உனக்கில்லம்மா.” தலையைக் குனிந்துகொண்டாள். “அந்தம்மா வாயை நான் அடைக்கணும்.”

என் உடம்பைக் காட்டித்தானே அவளைக் குத்தினார்கள்? அந்த உடம்பே அவளுக்கு உதவட்டும் என்று நினைத்தேன். அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து சியோலுக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரம். வரிசை படிக்கட்டில் இறங்கி, நடைபாதையில் பேக்கரியைத் தாண்டிப் போயிருந்தது. பாதிப் பேர் என்னைப் போலப் பருமன். மீதிப் பேருக்குக் கொஞ்சம் சதைப்பற்று, அவ்வளவுதான். அவர்கள் கையில்தான் பெரிய தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. எனக்கு முன்னால் ஒருத்தி மீன்பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தெற்குக் கோடியில் குவாங்ஜூ நகரத்திலிருந்து வந்தவளாம்.

“அக்கா, மொத தடவையா? எவ்ளோ இருக்கீங்க?”

முன்பின் தெரியாதவளிடம் சொன்னேன். அந்த வரிசையில் எடையைக் கேட்பது ஊரைக் கேட்பது மாதிரி. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து மனக்கணக்குப் போட்டாள்.

“ஐயோ, மயிரிழையில போயிடுமே! தண்ணி குடிங்கக்கா. ஆனா பாத்ரூம் மட்டும் போயிடாதீங்க. போன மாசம் ஒருத்தி டோக்கன் கூப்பிடுற நேரத்துல அடக்க முடியாம ஓடினா. வந்து ஏறினா, முந்நூறு கிராம் கம்மி. அழுதுகிட்டே ஊருக்குப் போனா பாவம்.”

“அவ பாவமா? மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு நின்ன நான் பாவமில்லையா?” என்றாள் பின்னால் நின்ற பெண். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிற பஸ் மாதிரி அவ்வளவு கலகலப்பு.

எழுபத்து நான்கு கிலோ அறுநூறு கிராம் காட்டியது. டாக்டர் என்னைப் பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கீழே மருந்துக்கடையில் நீளமான காகிதச் சரமாக மடித்துக் கொடுத்தார்கள். வேளைக்கு ஒரு பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘யாங் மால்சுன், காலை’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஐந்து மாத்திரைகள். அதில் ஒன்றுக்கு இரண்டு சிறகு, வண்ணத்துப்பூச்சி மாதிரி.

“வாய் வறளும், தூக்கம் வராது. நெஞ்சு படபடன்னு அடிச்சா நிறுத்திட்டு உடனே வாங்க. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, அது குற்றம்,” என்றார் மருந்துக்கடைக்காரர், நாளுக்கு நூறு பேரிடம் சொல்லித் தேய்ந்த குரலில். நான் தலையாட்டினேன். வயிறு முட்டத் தண்ணீர். கழிப்பறை எங்கே என்பதுதான் என் கவலை.

முதல் மாதம் போரா பம்பரமாகச் சுழன்றாள். விடியற்காலையில் எழுந்து ஜன்னல் துடைப்பாள், குளிர்பெட்டியைக் காலிசெய்து கழுவுவாள். பசியே இல்லையாம். கை லேசாக நடுங்கியது. கேட்டால், “காபிம்மா” என்பாள். ஐந்து கிலோ குறைந்தது.

ஆகஸ்டில் மறுபடி போனேன், மறுபடி தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுபத்து நான்கு கிலோவுக்கு மேலே காட்டியது. டாக்டர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஒரு மாசமா கொஞ்சம்கூட எறங்கலையேம்மா. ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேன் டாக்டர்.”

“மருந்தச் சொன்னேன்.”

“அதையும்தான்.”

நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். “உங்களுக்கு மருந்து ஏறல. கொஞ்சம் சேத்துத் தரேன்,” என்று டாக்டர் தட்டச்சு செய்தார். பொட்டலத்தில் ஐந்து மாத்திரை ஏழானது. செப்டம்பர் கடைசியிலும் நான் இறங்கவில்லை. ஒன்பதானது. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா மெலியவில்லை என்று மகளுக்கு மாத்திரை கூடியது. தண்ணீர் குடித்துக் குடித்து அதைக் கூட்டி வாங்கியவள் நான்.

அது எனக்கு உறைக்கவில்லை. மாத்திரை கூடக் கூட மகள் இன்னும் சீக்கிரம் இளைப்பாள் என்று, கொசுறு கிடைத்தவள் போல வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பரில் அவள் பிறந்தநாள். வழக்கம்போலக் கடல்பாசி சூப் வைத்தேன். பிள்ளை பெற்ற தாய் குடிக்கும் சூப் அது. பிறந்தநாளில் பிள்ளைகள் அதைக் குடிப்பது பெற்றவளின் நோவை நினைத்து. போரா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முழுங்கவில்லை. அப்படியே எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.

“உப்பும்மா. மொகம் வீங்கிடும். நாளன்னிக்கு போட்டோ.”

“ஒரு வாய்டி! உன்னைப் பெத்ததுக்கு ஒரு வாய் குடிக்கக் கூடாதா?”

“நீதானே மாத்திரை வாங்கிட்டு வர்றே? அப்பறம் நீயே சூப்பும் வைக்கிறே. எதையாவது ஒண்ணச் செய்யேன்!”

சட்டியோடு சூப்பைக் கொட்டினேன்.

ஸ்டுடியோவில் அவளைப் பார்த்தபோது கோபமெல்லாம் பறந்துவிட்டது. கழுத்தெலும்பு எடுப்பாகத் தெரிந்தது. இடுப்பை இரண்டு கையால் பிடித்துவிடலாம். படம் எடுப்பவரே, “பொண்ணுக்கு எதுவும் திருத்த வேண்டியதில்லம்மா,” என்றார். நான் அழுதேன், பெருமையில். அந்த ஈனப் பெருமையை நினைத்தால் இப்போது என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது பல் ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் சமையலறை ரப்பர் பூட்ஸோடு ஓடினேன். எனக்கு முன்னால் தேசோக்கின் அம்மா வந்து, பேரிக்காய் ஜூஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவசரப் பிரிவு டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

“ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கம்மி. இதயத் துடிப்பும் சரியில்ல. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? எடை குறைக்க, நீர் போக, அந்த மாதிரி?”

போரா என்னைப் பார்த்தாள். அவளுடைய கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் என் பெயர் போட்ட பொட்டலங்கள் இருந்தன. ஜூஸ் பெட்டிக்கு மேலே அந்த அம்மாவின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“விட்டமின் மட்டுந்தான் டாக்டர். கல்யாணப் பொண்ணு இல்லையா, பயத்துல சரியா சாப்பிடுறதில்ல.”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்களே அப்படித்தான்,” என்றாள் அந்த அம்மா, ஆதரவாக.

டாக்டர் கணினியில் போராவின் பெயரைப் போட்டுத் தேடினார். யார் யாருக்கு என்ன மாத்திரை எழுதினார்கள் என்று அதில் தெரியுமாம். அவள் பெயரில் எதுவும் இல்லை. என் பெயரைப் போட்டிருந்தால் எல்லாம் வந்திருக்கும். என் பெயரை அவர் எதற்குப் போடப்போகிறார்?

ஆனால் அந்த டாக்டர் பையனுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே நடைவழியில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார். “அம்மா, நெஜமாவே ஒண்ணும் இல்லையா? யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

அங்கே அந்த அம்மா இல்லை, யாருமே இல்லை. வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு என்னென்னவோ ஓடியது. இது குற்றம், போலீஸ் வரும், பள்ளிக்கூடத்து வேலை போகும், மண்டபம் சொல்லியாயிற்று, அழைப்பிதழ் போயாயிற்று. பத்தொன்பது நாள்தானே, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

“இல்லைங்க டாக்டர்,” என்றேன்.

இரண்டு நாள் படுக்கச் சொன்னார். ஒரு நாள் மருந்து ஏற்றிக்கொண்டு போரா எழுந்துவிட்டாள். எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்ற தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலச் சரத்தைப் பிடுங்கி, கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன். மூன்றே நாளில் முகம் உப்பிக்கொண்டு வந்தது. போரா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தைக் கன்னத்தைக் கிள்ளி அழுதாள். உடையை இந்த இடுப்புக்குப் பிடித்துத் தைத்தாயிற்று, இனி ஏறாது என்றாள். என் காலைப் பிடித்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், தரையில் உட்கார்ந்து.

“அம்மா, பதினஞ்சே நாள். அப்பறம் நீ சொல்றதெல்லாம் திங்கிறேன். சத்தியமா.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனையாம்! வரிசையில் எல்லாரும் பயத்தோடும் மரியாதையோடும் பேசியது அந்தச் சிறகுள்ளதைப் பற்றித்தான். படபடப்பு, தூக்கமின்மை, போலீஸ், எல்லாமே அதனால்தான். அப்படியென்றால் அதை மட்டும் எடுத்துவிட்டால் போயிற்று. தினமும் காலையில் ஒரு பொட்டலத்தைக் கிழிப்பேன். வண்ணத்துப்பூச்சியைப் பொறுக்கி எடுத்துக் கழிப்பறையில் போடுவேன். மிச்சம் எட்டையும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, தண்ணீரோடு அவள் கையில் கொடுப்பேன். சாதாரண வெள்ளை மாத்திரைகள். சளிக்குக் கொடுப்பார்களே, அது மாதிரி சாதுவாக இருக்கும். விஷத்தை நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் அவள் அறையில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. “ஏய் போரா, அணைடி அதை!” என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். இரண்டு தரம் கத்தினேன். தட்டில் எட்டு மாத்திரைகளை எடுத்துவைத்துவிட்டு, திட்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

அவள் உடம்பு ஆறிப்போய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரியை ஒட்டிய இறுதிச்சடங்குக் கூடத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். பூக்களுக்கு நடுவில் வைக்கப் படம் கேட்டார்கள். நான் ஐம்பத்தெட்டு கிலோ போராவைத் தேடினேன். கன்னம் உப்ப, வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற படம் என்னிடம் எத்தனையோ இருந்தது. என் போனிலிருந்தும் அவள் போனிலிருந்தும் எல்லாவற்றையும் எப்போதோ அழித்திருக்கிறாள். மிச்சம் இருந்தது ஸ்டுடியோவில் எடுத்ததுதான். தேசோக் அழுதுகொண்டே தன்னை அதிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, அவளை மட்டும் அச்சுப்போட்டுக் கொண்டுவந்தான். கல்யாண உடையிலேயே கறுப்பு ரிப்பனுக்குள் இருந்தாள். வந்த சொந்தக்காரப் பெண்கள் குனிந்து வணங்கிவிட்டு, எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டே, “எவ்வளவு ஒல்லியா, எவ்வளவு அழகா இருக்கா,” என்றார்கள். நான்கு பேராவது சொல்லியிருப்பார்கள்.

காரியம் முடிந்ததும் மிச்சப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு அந்த இளம் டாக்டரிடம் போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஒரு பொட்டலத்தைக் கிழித்து, மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“இதும் இதும் நீர் பிரியுறதுக்கு. இது பேதிக்கு. இதெல்லாம் தண்ணியோட சேத்து பொட்டாசியத்தையும் வெளிய தள்ளிடும். சாப்பாடும் இல்லைன்னா இதயம் தாங்காது.” விரல் சிறகுள்ளதன்மேல் நின்றது. “இதை எடுத்தது சரிதான். இதும் ஆபத்துதான். ஆனா மத்ததையும் எடுத்திருக்கணும்.”

“அன்னிக்கு நான் சொல்லியிருந்தா?”

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

“அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்தியிருப்போம்மா. வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.”

காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார்கள், விசாரணை நடக்கிறது. தண்டனை எதுவாக இருந்தாலும் வரட்டும், அது எனக்குப் போதாது. ஆனால் எனக்கு இன்னொரு ஆள் முன்னால் நின்று சொல்ல வேண்டியிருந்தது. ஜனவரியில், பள்ளி விடுமுறையில், முதல் ரயிலில் சியோலுக்குப் போனேன். அதே படிக்கட்டு. குளிருக்குப் போர்வை சுற்றிக்கொண்டு, பேக்கரியைத் தாண்டி அதே வரிசை. அன்றைக்கு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

டோக்கன் ஐம்பத்திரண்டு. எடை மெஷினில் ஏறாமல் டாக்டர் அறைக்குள் போக முடியாது. “டாக்டர்கிட்டப் பேசணும்,” என்றேன். “ஏறிட்டுப் பேசுங்கம்மா,” என்று நர்ஸ் தோளைத் தொட்டு ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். திரையில் என் பழைய எண்ணைப் பார்த்தாள். கை தட்டிவிட்டாள்.

“மால்சுன் அம்மா! பத்து கிலோ எழுநூறு! நாங்க உங்கமேல நம்பிக்கையே விட்டுட்டோம். கடைசியில மருந்து ஏறிடுச்சு பாத்தீங்களா!”

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அடுத்து நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும், உருண்டைக் கன்னம். ஆசையாகக் கேட்டாள், “அக்கா, எத்தன மாசத்துல? உங்களுக்கு எந்த மாத்திரைக்கா குடுத்தாங்க?”

“நான் ஒண்ணுகூடத் திங்கலடி,” என்றேன். “எல்லாத்தையும் என் பொண்ணு தின்னா. நான்தான் என் கையால கிழிச்சுக் குடுத்தேன். செத்துப்போயிட்டா. இந்தப் பத்து கிலோ அவ போனதுக்கப்பறம் எறங்கினது.”

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தண்ணீர் குடித்ததை, மாத்திரை கூடியதை, விட்டமின் என்று சொன்னதை, வண்ணத்துப்பூச்சியைப் பொறுக்கியதை, எல்லாவற்றையும் அந்த மெஷின்மேல் நின்றபடியே கத்தினேன். டாக்டர் அறைக் கதவு கொஞ்சம் திறந்தது, பிறகு உள்ளிருந்தே மூடிக்கொண்டது. உருண்டைக் கன்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள், கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. என் கையைப் பிடித்து, பெற்ற தாயை இறக்குவது போல மெதுவாக என்னை மெஷினிலிருந்து இறக்கிவிட்டாள். ஒருத்திக்காவது உறைத்ததே என்று அவள் கையை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சன்னமான குரலில் கூப்பிட்டாள். “ஐம்பத்து மூணு.”

அந்தப் பெண் என் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பையிலிருந்து பெரிய பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மெஷினில் ஏறினாள்.